ஜெர்மனியின் ப்ளூ கார்டு: உரிமை யார் கையில், நிபந்தனை யார் தலையில்?

2025 செப்டம்பர் 19 அன்று, எச்1பி எனப்படும் அமெரிக்க வேலை விசாவுக்கான புதிய விண்ணப்பங்களுக்கு 1 லட்சம் டாலர் கட்டணம் விதிக்கும் பிரகடனத்தில் அமெரிக்க அதிபர் டிரம்ப் கையெழுத்திட்டார். அடுத்த சில நாள்களிலேயே இந்தியாவுக்கான ஜெர்மன் தூதர் பிலிப் அக்கர்மன், திறன்மிக்க இந்தியர்கள் ஜெர்மனிக்கு வரலாம் என்று அழைப்பு விடுத்து ஒரு காணொளி வெளியிட்டார். அதற்கு ஓராண்டு முன்பே, 2024 அக்டோபரில், இந்தியத் திறனாளர்களுக்கான விசா எண்ணிக்கையை ஆண்டுக்கு 20,000-லிருந்து 90,000 ஆக உயர்த்தப்போவதாக ஜெர்மனி அறிவித்திருந்தது.

இந்தச் செய்திகள் ஒன்றன்மேல் ஒன்றாக வந்ததில் குழப்பமும் சேர்ந்தே வந்தது. ப்ளூ கார்டு என்பது அமெரிக்க கிரீன் கார்டு போன்ற நிரந்தர உரிமையா? குலுக்கல் உண்டா? 90,000 என்பது ப்ளூ கார்டுக்கான ஒதுக்கீடா? ஜெர்மன் மொழி கட்டாயமா? அண்மையில் வந்த ‘வாய்ப்பு அட்டை’யும் இதுவும் ஒன்றா? இந்தக் குழப்பத்தை வைத்தே பணம் பார்க்கும் இடைத்தரகர்களும் இருக்கிறார்கள். ஆகவே அடிப்படையிலிருந்தே தொடங்குவோம்.

## ப்ளூ கார்டு என்பது என்ன?

உயர்கல்வி பெற்ற வெளிநாட்டு ஊழியர் ஒருவர் ஐரோப்பிய ஒன்றிய நாடொன்றில் வேலை செய்யவும் வசிக்கவும் சேர்த்துத் தரப்படும் ஒரே அனுமதிதான் ப்ளூ கார்டு. வேலைக்கு ஒன்று, குடியிருக்க ஒன்று என்று தனித்தனி அனுமதிகள் இல்லை. 2009-ல் ஐரோப்பிய ஒன்றியம் இதற்கான நெறிமுறைச் சட்டத்தை இயற்றியது. ஜெர்மனியில் 2012 ஆகஸ்ட் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. பழைய விதிகள் இறுக்கமாக இருந்ததால் 2021-ல் புதிய நெறிமுறைச் சட்டம் வந்தது. அதை 2023 நவம்பர் 18-க்குள் உறுப்பு நாடுகள் தம் சட்டத்தில் சேர்க்கவேண்டும் என்று கெடு விதிக்கப்பட்டது. ஜெர்மனி அதே நாளில் தன் வதிவிடச் சட்டத்தில் 18ஜி என்ற பிரிவைச் சேர்த்தது. அயர்லாந்தும் டென்மார்க்கும் இந்த ஏற்பாட்டில் இல்லை. சுவிட்சர்லாந்து ஒன்றியத்திலேயே இல்லை.

பெயரில் ‘ஐரோப்பிய ஒன்றியம்’ இருந்தாலும் நடைமுறையில் இது பெரும்பாலும் ஜெர்மனியின் அட்டைதான். 2023-ல் ஒன்றியம் முழுவதும் ஏறத்தாழ 89,000 ப்ளூ கார்டுகள் வழங்கப்பட்டன. அவற்றில் சுமார் 69,000 ஜெர்மனி கொடுத்தவை. பெற்றவர்களில் முதலிடம் இந்தியர்களுக்கு, சுமார் 21,000 பேர். நெதர்லாந்து போன்ற நாடுகள் தமக்கென்று தனித் திறனாளர் அனுமதி ஒன்றை வைத்துக்கொண்டு அதையே அதிகம் பயன்படுத்துகின்றன.

கிரீன் கார்டோடு இதை ஒப்பிடக்கூடாது. அமெரிக்க கிரீன் கார்டு நிரந்தர வதிவிட உரிமை. ப்ளூ கார்டு அதிகபட்சம் 4 ஆண்டுக்குத் தரப்படும் தற்காலிக அனுமதி. வேலை ஒப்பந்தம் அதைவிடக் குறுகியதாக இருந்தால் ஒப்பந்தக் காலத்தோடு 3 மாதம் சேர்த்து வழங்குவார்கள். ஜெர்மனியில் கிரீன் கார்டுக்கு நிகரானது ‘நீடர்லாசுங்ஸ்எர்லௌப்னிஸ்’ எனப்படும் நிரந்தரக் குடியிருப்பு அனுமதி. ப்ளூ கார்டு அதற்குப் போகும் பாதை.

குலுக்கல் இல்லை, ஆண்டு ஒதுக்கீடும் இல்லை. 90,000 என்ற எண், எல்லா வகைத் திறனாளர் விசாக்களையும் சேர்த்து அரசு சொன்ன அளவு. தகுதி இருந்தால் ப்ளூ கார்டு கேட்பது சட்ட உரிமை. அதிகாரியின் விருப்பத்தைப் பொறுத்தது அன்று.

## ஜெர்மனிக்கு ஏன் இந்த அவசரம்?

இரண்டாம் உலகப் போருக்குப் பின் பிறந்த பெருந்தலைமுறை இப்போது ஓய்வு பெற்றுக்கொண்டிருக்கிறது. அவர்கள் இடத்தை நிரப்பும் அளவுக்கு இளைஞர்கள் இல்லை. தொழிலாளர் எண்ணிக்கை சரியாமல் இருக்க ஆண்டுக்கு நிகரமாக 4 லட்சம் பேர் வெளியிலிருந்து வரவேண்டும் என்று வேலைவாய்ப்பு ஆய்வு நிறுவனமான ஐ.ஏ.பி. கணக்கிட்டது. ஜெர்மன் ஓய்வூதியம், இன்று வேலை செய்பவர் கட்டும் தொகையிலிருந்து இன்றைய முதியவருக்குக் கொடுக்கும் முறை. சந்தா கட்டும் கைகள் குறைந்தால் அந்த அமைப்பே தள்ளாடும். வெளிநாட்டு ஊழியரின் சம்பள வரம்பை ஏன் ஓய்வூதியக் கணக்கோடு கட்டிவைத்திருக்கிறார்கள் என்பதைக் கீழே பார்க்கும்போது இதை நினைவில் கொள்ளுங்கள்.

இது முதல் முயற்சியும் அல்ல. 2000-ல் அப்போதைய சான்சலர் ஷ்ரோடர், கணினித் துறைக்கென ‘கிரீன் கார்டு’ என்ற பெயரிலேயே ஒரு திட்டம் கொண்டுவந்தார். 20,000 பேர் வரை அழைப்பதாகச் சொல்லப்பட்டது. ஆனால் 5 ஆண்டுக்கு மேல் தங்க வழி வைக்கவில்லை. எதிர்க்கட்சியின் யுர்கன் ரூட்கர்ஸ் ‘இந்தியருக்குப் பதில் குழந்தைகள்’ என்ற பொருளில் தேர்தல் பிரசாரமே செய்தார். ஐந்தாண்டில் திரும்பிப் போகவேண்டும் என்று சொல்லும் நாட்டுக்குக் குடும்பத்தோடு யார் வருவார்கள்? இன்றைய ப்ளூ கார்டில் குடும்பத்துக்கும் நிரந்தர உரிமைக்கும் இவ்வளவு இடம் இருப்பதற்கு, அந்தத் திட்டம் தந்த பாடம் ஒரு முக்கியக் காரணம் என்றே கருதுகிறேன்.

## மூன்று தூண்கள்: பட்டம், ஒப்பந்தம், சம்பளம்

1. பட்டம். ஜெர்மனியில் பெற்ற பட்டம் அல்லது அதற்கு இணையான வெளிநாட்டுப் பட்டம் வேண்டும். இணையானதா என்று பார்க்க ‘அனாபின்’ என்ற அரசுத் தரவுத்தளம் இருக்கிறது. அதில் இரண்டு கேள்விகள்: பல்கலைக்கழகம் ஏற்கப்பட்டதா, படிப்பு ஏற்கப்பட்டதா. பல்கலைக்கழகத்துக்கு ‘எச் பிளஸ்’ என்ற குறி இருந்தால் ஏற்கப்பட்டது. படிப்புக்கும் ‘நிகரானது’ அல்லது ‘ஒத்தது’ என்ற மதிப்பீடு இருந்தால் அந்தப் பக்கங்களை அச்செடுத்து விண்ணப்பத்தோடு இணைத்துவிடலாம்.

தமிழ்நாட்டு மாணவர்கள் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. நம் பொறியியல் கல்லூரிகளில் மிகப்பல, இணைப்புக் கல்லூரிகள். படித்தது கல்லூரியில் என்றாலும் பட்டம் கொடுத்தது பல்கலைக்கழகம். ஆகவே பட்டச் சான்றிதழில் உள்ள பல்கலைக்கழகத்தின் பெயரைத் தேடவேண்டும். கல்லூரிப் பெயரைத் தேடிவிட்டு ‘நம் காலேஜ் லிஸ்ட்டில் இல்லை’ என்று மனம் தளர்பவர்கள் உண்டு.

தரவுத்தளத்தில் பல்கலைக்கழகமோ படிப்போ இல்லையென்றால், வெளிநாட்டுக் கல்விக்கான ஜெர்மன் மத்திய அலுவலகத்திடம் சான்றிதழ் மதிப்பீடு கேட்கவேண்டும். கட்டணம் 208 யூரோ. இதற்குக் காலம் பிடிக்கும் என்பதால் வேலை தேடத் தொடங்கும்போதே இதை முடித்துவைப்பது நல்லது. மருத்துவர், பல் மருத்துவர் போன்ற ஒழுங்குமுறைக்கு உட்பட்ட தொழில்களுக்குப் பட்டம் இணையானது என்பது மட்டும் போதாது. அந்தத் தொழிலைச் செய்யும் உரிமமும் வேண்டும், அதற்கு நல்ல ஜெர்மன் மொழியறிவும் வேண்டும்.

பட்டமே இல்லாத ஐ.டி. ஊழியருக்கு 2023 நவம்பர் முதல் ஒரு கதவு திறந்திருக்கிறது. கடந்த 7 ஆண்டுகளில் குறைந்தது 3 ஆண்டு, பட்டதாரி செய்யும் தரத்திலான ஐ.டி. வேலை செய்திருந்தால் போதும். பாலிடெக்னிக் படித்துவிட்டு மென்பொருள் துறைக்கு வந்தவர்களுக்கு இது மிகப் பெரிய மாற்றம். ஆனால் ‘மூன்று ஆண்டு அனுபவம்’ என்று மட்டும் சொல்லும் சான்றிதழ் உதவாது. என்ன பொறுப்பு, என்ன தொழில்நுட்பம், எந்த நிலையில் வேலை என்று விவரமாக எழுதிய அனுபவச் சான்று தேவை. பழைய நிறுவனத்திலிருந்து விலகும்போதே அதைக் கேட்டு வாங்கிவிடுங்கள். பிறகு கேட்டால் கிடைப்பது கடினம்.

2. ஒப்பந்தம். கையெழுத்தான வேலை ஒப்பந்தமோ, உறுதியான வேலைவாய்ப்புக் கடிதமோ வேண்டும். காலம் குறைந்தது 6 மாதம். வேலை, படித்த படிப்பின் தரத்துக்கு ஏற்றதாக இருக்கவேண்டும். எந்திரப் பொறியாளர் ஒருவர் கிடங்கில் பெட்டி அடுக்கும் வேலைக்கு எவ்வளவு சம்பளம் வாங்கினாலும் ப்ளூ கார்டு கிடையாது.

3. சம்பளம். மூன்றில் அதிகம் தவறாகப் புரிந்துகொள்ளப்படுவது இதுதான். கொஞ்சம் நின்று பார்க்கவேண்டும்.

## சம்பள வரம்பு எப்படிக் கணக்கிடப்படுகிறது?

வரம்பு ஒரு நிலையான தொகை அல்ல. ஜெர்மன் ஓய்வூதியக் காப்பீட்டுக்குச் சந்தா வசூலிக்கும் உச்ச ஆண்டுச் சம்பளம் ஒவ்வொரு ஜனவரியும் மாறும். 2026-ல் அது 1,01,400 யூரோ. ப்ளூ கார்டு வரம்பு அதன் ஒரு விகிதம்.

- பொது வரம்பு 50%. 2025-ல் 48,300 யூரோ. 2026-ல் 50,700 யூரோ.
- குறைந்த வரம்பு 45.3%. 2025-ல் 43,759.80 யூரோ, 2026-ல் 45,934.20 யூரோ.

குறைந்த வரம்பு மூன்று தரப்பினருக்குப் பொருந்தும்: ஆள் பற்றாக்குறை உள்ள தொழிலினர் (பொறியாளர், ஐ.டி. வல்லுநர், கணித-அறிவியல் துறையினர், மருத்துவர், ஆசிரியர் முதலியோர்), பட்டம் பெற்று 3 ஆண்டு ஆகாத புதிய பட்டதாரிகள், மேலே சொன்ன பட்டமில்லாத ஐ.டி. அனுபவசாலிகள். புதிய பட்டதாரி ஜெர்மனியில்தான் படித்திருக்கவேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ஆனால் குறைந்த வரம்பில் போகும்போது ஜெர்மன் வேலைவாய்ப்பு முகமை ஒப்புதல் தரவேண்டும். அதே வேலைக்கு உள்ளூர்க்காரருக்குக் கொடுக்கும் சம்பளத்தைவிடக் குறைவாகக் கொடுக்கிறார்களா என்று அது பார்க்கும்.

2023-ல் நடந்தது எவ்வளவு பெரிய மாற்றம் என்பது பழைய எண்ணைப் பார்த்தால் தெரியும். அந்த ஆண்டு நவம்பர் வரை பொது வரம்பு 58,400 யூரோ, உச்சச் சம்பளத்தில் மூன்றில் இரண்டு பங்கு. புதிய சட்டம் அதை ஒரே நாளில் 43,800-க்கு இறக்கியது. தலைப்புச் செய்தியானது குடியுரிமை விவாதம்தான். ஆயிரக்கணக்கானோருக்கு உண்மையில் கதவு திறந்தது இந்த எண்ணால்.

நடைமுறையில் மூன்று எச்சரிக்கைகள்.

முதலாவது, நம் ஊர் ‘சி.டி.சி.’ கணக்கை (ஊழியருக்காக நிறுவனம் செய்யும் மொத்தச் செலவு) இங்கே கொண்டுவரக்கூடாது. ஒப்பந்தத்தில் உறுதியாகக் குறிப்பிட்ட, வரிபிடிப்புக்கு முந்தைய ஆண்டுச் சம்பளம் மட்டுமே கணக்கு. செயல்திறனைப் பொறுத்த போனஸ், கிடைக்கலாம் கிடைக்காமல் போகலாம் என்ற ஊக்கத்தொகை எதுவும் சேராது. 46,000 நிலைச் சம்பளம், 6,000 வரை போனஸ் என்றால் அதிகாரிக்கு அது 46,000 தான்.

இரண்டாவது, ஆண்டு மாறும் நேரம். நவம்பர், டிசம்பரில் பழைய வரம்பை ஒட்டிப் போட்ட ஒப்பந்தம், விண்ணப்பம் ஜனவரிக்குத் தள்ளிப்போனால் சிக்கலில் மாட்டலாம். பேரம் பேசும்போதே வரும் ஆண்டின் வரம்பைத் தாண்டும் தொகையைக் கேட்பதுதான் பாதுகாப்பு. அட்டையைப் புதுப்பிக்கும்போதும் அன்றைய வரம்பு பார்க்கப்படும். சம்பள உயர்வே இல்லாமல் நான்கு ஆண்டு இருந்தவருக்குப் புதுப்பிப்பில் நெருக்கடி வரும்.

மூன்றாவது, கையில் வருவது எவ்வளவு என்பது. 50,700 யூரோ என்றால் மாதம் 4,225. இதிலிருந்து வருமான வரி போக, ஓய்வூதியத்துக்கு 9.3%, வேலையின்மைக் காப்பீட்டுக்கு 1.3%, மருத்துவக் காப்பீட்டுக்கு 7.3%-உம் அதற்கு மேல் காப்பீட்டு நிறுவனம் வசூலிக்கும் கூடுதல் சந்தாவில் பாதியும், முதியோர் பராமரிப்புக் காப்பீட்டுக்கு ஒரு பங்கும் போகும். தனியாக இருப்பவர் கையில் மூன்றில் இரண்டு பங்கை ஒட்டித்தான் வந்து சேரும். யூரோவை ரூபாயால் பெருக்கிப் பார்ப்பதற்கு முன் மியூனிக், ஃபிராங்க்ஃபர்ட் வீட்டு வாடகையைப் பாருங்கள்.

## விண்ணப்பம் நகரும் வழி

இந்தியர், இலங்கையர் இருவரும் புறப்படும் முன்பே தேசிய விசா எடுக்கவேண்டும். 2025 ஜனவரி முதல் ஜெர்மன் வெளியுறவுத் துறையின் தூதரகச் சேவை இணையதளத்தில் விண்ணப்பிக்கலாம். தமிழ்நாட்டிலிருந்து போகிறவர்களுக்குச் சென்னையில் துணைத் தூதரகமும், இலங்கையில் கொழும்பில் தூதரகமும் இருக்கின்றன. விசாக் கட்டணம் 75 யூரோ. பட்டச் சான்று, அனாபின் அச்சு அல்லது மதிப்பீட்டுச் சான்று, ஒப்பந்தம், நிறுவனம் நிரப்பித் தரும் பணி விவரப் படிவம், மருத்துவக் காப்பீடு ஆகியவை முக்கிய ஆவணங்கள். நிறுவனம் விரும்பினால் 411 யூரோ கட்டி உள்ளூர் வெளிநாட்டவர் அலுவலகம் வழியாக விரைவு நடைமுறையில் கொண்டுபோகலாம்.

அட்டை விசாவோடு கையில் வந்துவிடாது. ஜெர்மனியில் இறங்கி, குடியிருப்பு முகவரியை நகராட்சியில் பதிவு செய்து, பிறகு வெளிநாட்டவர் அலுவலகத்தில் விண்ணப்பித்துப் பெறவேண்டும். பெருநகரங்களில் அந்த அலுவலகத்தின் நேரம் கிடைப்பது அரிது. பல மாதம் காத்திருப்பவர்கள் உண்டு. அதற்காகப் பதறவேண்டியதில்லை. அந்த வேலைக்கென்று வழங்கிய விசாவிலேயே வேலையைத் தொடங்கலாம், அந்த விசாவில் கழித்த மாதங்களும் பின்னால் நிரந்தர அனுமதிக்கான கணக்கில் சேரும். விசா முடியும் முன் விண்ணப்பத்தைப் பதிவு செய்துவிடுவது மட்டும் தவறக்கூடாது.

## அட்டை யாருடையது? இங்கேதான் எச்1பி-யிலிருந்து வேறுபாடு

எச்1பி-க்கு மனு போடுவது நிறுவனம். முதலில் குலுக்கல். கிடைத்தபின் நிறுவனம் மாற வேண்டுமென்றால் புதிய நிறுவனம் புதிய மனு போடவேண்டும். நிரந்தர உரிமைக்கும் பெரும்பாலும் நிறுவனமே ஸ்பான்சர். அதிலும் ஒரு நாட்டில் பிறந்தவர்களுக்கு 7% என்ற உச்சவரம்பு இருப்பதால் இந்தியாவில் பிறந்தவர்களின் வரிசை பல பத்தாண்டுகளாக நீள்கிறது. வேலை போனால் 60 நாள்.

ப்ளூ கார்டில் விண்ணப்பதாரர் ஊழியரே. விளைவுகளை வரிசையாகப் பார்க்கலாம்.

1. வேலை மாறுதல். முதல் 12 மாதம் மட்டும் வேலை மாறினால் வெளிநாட்டவர் அலுவலகத்துக்குத் தெரிவிக்கவேண்டும். அது 30 நாள் வரை மாற்றத்தை நிறுத்திவைத்து, புதிய வேலை நிபந்தனைக்கு ஒத்துவருகிறதா என்று பார்க்கலாம். ஓராண்டுக்குப் பின் அந்தச் சோதனை இல்லை. புதிய வேலையும் சம்பள வரம்பைத் தாண்டினால் போதும்.

2. வேலை இழப்பு. அட்டை அன்றே செத்துவிடுவதில்லை. ஒன்றிய விதிப்படி, அட்டை பெற்று 2 ஆண்டு ஆகாதவருக்கு 3 மாதம், அதற்கு மேல் ஆனவருக்கு 6 மாதம் வரை வேலையின்மையைக் காரணம் காட்டி அட்டையைப் பறிக்கக்கூடாது. ஒப்பந்தம் முன்கூட்டியே முடிந்தால் 2 வாரத்துக்குள் அலுவலகத்துக்குத் தெரிவிக்கவேண்டியது ஊழியர் கடமை. நிறுவனம் சொல்லிவிடும் என்று இருந்துவிடக்கூடாது; அதற்கென்று தனிக் கடமை இருக்கிறது, அது உங்கள் கடமையைத் தீர்த்துவிடாது.

3. துணைவர். ப்ளூ கார்டு பெற்றவரின் மனைவியோ கணவரோ வருவதற்கு முன் ஜெர்மன் மொழித் தேர்வு எழுதத் தேவையில்லை. வந்த நாள் முதல் எந்த வேலையும் செய்யலாம், சுயதொழிலும் தொடங்கலாம். அமெரிக்காவில் எச்4 விசாவில் போன துணைவர், முதன்மை விசாதாரரின் கிரீன் கார்டு மனு ஒரு கட்டத்தைக் கடக்கும்வரை வேலை செய்யமுடியாது. படித்து, வேலை பார்த்துக்கொண்டிருந்த எத்தனையோ தமிழ்ப் பெண்கள் அங்கே ஆண்டுக்கணக்கில் வீட்டோடு முடங்கிப்போனார்கள். இந்த ஒரு வேறுபாட்டை நான் மற்ற எல்லாவற்றையும்விடப் பெரிதாக மதிக்கிறேன்.

4. பெற்றோர். 2024 மார்ச் 1 அல்லது அதன்பின் முதன்முறையாக ப்ளூ கார்டு பெற்றவர்கள் தம் பெற்றோரையும், துணைவரும் ஜெர்மனியில் நிலையாக வசித்தால் மாமனார் மாமியாரையும் அழைத்துக்கொள்ள விண்ணப்பிக்கலாம். இது அதிகாரியின் முடிவுக்கு உட்பட்டது. சட்டத்தைவிடப் பெரிய தடை மருத்துவக் காப்பீடு: 65, 70 வயதில் புதிதாக வருபவரைச் சேர்க்கும் முழுமையான காப்பீடு கிடைப்பதும் கடினம், கிடைத்தாலும் சந்தா மிக அதிகம். ஊரில் பெற்றோரிடம் வாக்குக் கொடுக்கும் முன் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்ப்பது அவர்களுக்குச் செய்யும் நேர்மை.

5. வேறு நாட்டுக்குப் போதல். ஜெர்மனியில் 12 மாதம் முடித்தபின் இத்திட்டத்தில் உள்ள வேறொரு நாட்டுக்கு, அங்கே தகுதியுள்ள வேலை கிடைத்தால், புதிய விசா இல்லாமலே போய் அந்நாட்டு ப்ளூ கார்டுக்கு விண்ணப்பிக்கலாம்.

உரிமை ஊழியர் கையில் இருப்பதற்கு ஒரு விலையும் இருக்கிறது. பட்டத்தை நிறுவவேண்டியது அவர். சம்பள வரம்பைக் கவனிக்கவேண்டியது அவர். அறிவிக்கவேண்டியதை அறிவிக்கவேண்டியதும் அவர். அமெரிக்காவில் நிறுவனத்தின் வழக்கறிஞர் செய்யும் வேலையில் பெரும்பகுதி இங்கே நம் தலையில் விழுகிறது. அலுவலகக் கடிதங்களோ ஜெர்மன் மொழியில் வரும்.

## நிரந்தர அனுமதி: 27 மாதமா, 21 மாதமா?

ப்ளூ கார்டு வேலையில் 27 மாதம் இருந்து, அந்தக் காலம் முழுக்க ஓய்வூதியச் சந்தாவும் கட்டியிருந்து, ஏ1 எனப்படும் தொடக்க நிலை ஜெர்மன் தெரிந்தால் நிரந்தர அனுமதிக்கு விண்ணப்பிக்கலாம். பி1 எனப்படும் இடைநிலை அளவு மொழி தெரிந்தால் 21 மாதமே போதும். ஜெர்மன் சட்டம், சமூகம் பற்றிய அடிப்படை அறிவுக்கான தேர்வும், பிழைப்புக்குப் போதிய வருமானமும் சேர்ந்து பார்க்கப்படும்.

மொழி கட்டாயமா என்ற கேள்விக்கு விடை இதில் இருக்கிறது. ப்ளூ கார்டு பெற மொழி தேவையில்லை, நிலைத்திருக்கத் தேவை. பெர்லினில் ஆங்கிலம் பேசும் அலுவலகத்தில் நான்கு ஆண்டு ஓட்டிவிடலாம். அந்த நிறுவனம் ஆள்குறைப்பு செய்யும் நாளில், அடுத்த வேலைக்கான விளம்பரங்களில் பெரும்பாலானவை ஜெர்மன் கேட்கும். 6 மாதம் முன்னதாக நிரந்தர அனுமதி கிடைத்துவிட்டால் அந்த நாளில் விசா பயமாவது இருக்காது. ஏ1, பி1 வகுப்புகளைச் சென்னையில் இருக்கும்போதே முடிப்பது எளிது. வேலைக்குச் சேர்ந்த முதல் ஆண்டில் அதற்கு நேரம் கிடைப்பதில்லை.

இன்னொரு கண்ணி, நீண்ட விடுப்பு. பொதுவான வதிவிட அனுமதி 6 மாதத்துக்கு மேல் வெளிநாட்டில் இருந்தால் காலாவதியாகும். ப்ளூ கார்டுக்கு 12 மாதம் வரை பொறுப்பார்கள். நிறுவனமே பெங்களூரு அலுவலகத்துக்கு ஒன்றரை ஆண்டு அனுப்பினாலும் இந்த 12 மாதக் கணக்கு ஓடிக்கொண்டிருக்கும் என்பதைப் பலர் கவனிப்பதில்லை.

குடியுரிமைச் செய்தி இதோடு கலந்துவிடுவதால் ஒரு வரி. 2024 ஜூன் 27 முதல் 5 ஆண்டு வதிவிடத்துக்குப் பின் ஜெர்மன் குடியுரிமை கேட்கலாம். பழைய குடியுரிமையைத் துறக்கவேண்டும் என்ற நிபந்தனையை ஜெர்மனி நீக்கியது. சிறப்பாக ஒன்றிணைந்தவர்களுக்கு 3 ஆண்டு என்ற குறுக்குவழி 2025 அக்டோபரில் ரத்தானது. ப்ளூ கார்டையோ 21 மாத நிரந்தர அனுமதியையோ இது தொடவில்லை. இந்தியச் சட்டம் இரட்டைக் குடியுரிமையை ஏற்பதில்லை என்பதால், ஜெர்மன் கடவுச்சீட்டு எடுப்பவர் இந்தியக் குடியுரிமையை இழந்து, வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கான ஓ.சி.ஐ. அட்டைக்கு மாறவேண்டும். இலங்கையர் தம் நாட்டில் இரட்டைக் குடியுரிமைக்கு விண்ணப்பிக்க வழி இருக்கிறது.

## யாருக்குப் பொருந்தாது?

வேலை ஒப்பந்தம் இல்லாதவருக்குப் பொருந்தாது. அவர்களுக்கானது 2024 ஜூன் 1-ல் வந்த ‘வாய்ப்பு அட்டை’. புள்ளி முறையில் தரப்படும் இது, ஜெர்மனிக்குப் போய் ஓராண்டு வரை வேலை தேட அனுமதிக்கிறது; வாரம் 20 மணி நேரம் பகுதி நேர வேலை செய்யலாம். வாழ்க்கைச் செலவுக்கான பணத்தை முன்கூட்டியே காட்டவேண்டும். வேலை கிடைக்காவிட்டால் திரும்பவேண்டும். கடன் வாங்கி இதில் இறங்குவதை, அதுவும் ஜெர்மன் தெரியாமல் இறங்குவதை, நான் யாருக்கும் பரிந்துரைக்கமாட்டேன்.

பட்டம் இல்லாத, ஐ.டி. அல்லாத துறைத் தொழிலாளருக்கும் ப்ளூ கார்டு இல்லை. ஆனால் சொந்த நாட்டில் அரசு ஏற்ற தொழிற்பயிற்சியும் 2 ஆண்டு அனுபவமும் இருந்து, உச்சச் சம்பளத்தில் 45% அளவு ஊதியம் கிடைத்தால் (2026-ல் 45,630 யூரோ) வேறொரு திறனாளர் அனுமதி இருக்கிறது. வெல்டர், எலக்ட்ரீஷியன் போன்றோர் அதைத்தான் பார்க்கவேண்டும்.

இலங்கைத் தமிழ்க் குடும்பங்களுக்குத் தனியாக ஒன்று. 1980-களிலிருந்து ஜெர்மனிக்குப் போன உறவினர்கள் பெரும்பாலும் புகலிடம் கேட்டுத் தங்கியவர்கள். அந்தச் சட்டமும் இதுவும் முற்றிலும் வேறு. ‘முதலில் வந்துவிடு, பிறகு பார்த்துக்கொள்ளலாம்’ என்ற அக்கால அறிவுரையை இங்கே பின்பற்றினால் கெடுதல்தான்: புகலிட விண்ணப்பம் முடிவாகாத நிலையில் இருப்பவர் ப்ளூ கார்டு கேட்கமுடியாது. தகுதி உள்ளவர் கொழும்பிலிருந்தே நேராக விண்ணப்பிப்பதுதான் வழி.

## தரகர்கள் பற்றி

‘ப்ளூ கார்டு வாங்கித் தருகிறோம், 5 லட்சம்’ என்ற விளம்பரங்களைத் தமிழ் சமூக ஊடகங்களில் பார்க்கலாம். இந்த அட்டையை யாரும் வாங்கித் தரமுடியாது. அதற்குத் தேவையான மூன்றில் பட்டம் ஏற்கெனவே உங்களிடம் இருக்கிறது. ஒப்பந்தமும் சம்பளமும் ஜெர்மன் நிறுவனம் நேர்காணல் செய்து தருபவை. படிவம் நிரப்ப உதவி தேவைப்பட்டால் அதற்கு நியாயமான கூலி கொடுக்கலாம், அவ்வளவுதான்.

இந்தியாவில் வெளிநாட்டு வேலைக்கு ஆள் எடுக்கும் முகவர்கள் 1983-ஆம் ஆண்டின் குடிபெயர்வுச் சட்டப்படி பதிவு பெற்றிருக்கவேண்டும். அவர்கள் ஒருவரிடம் வசூலிக்கக்கூடிய சேவைக் கட்டணம் அதிகபட்சம் 30,000 ரூபாயும் அதற்கான ஜி.எஸ்.டி.யும். பதிவு எண்ணை வெளியுறவு அமைச்சகத்தின் ‘இ-மைக்ரேட்’ தளத்தில் சரிபார்க்கலாம். ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன், நிறுவனத்தின் பெயரை ஜெர்மன் வணிகப் பதிவேட்டில் தேடுங்கள். சம்பளம் நிலைத்தொகையாக எழுதப்பட்டிருக்கிறதா, விண்ணப்பிக்கும் ஆண்டின் வரம்பைத் தாண்டுகிறதா, பதவிப் பெயரும் பணி விவரமும் உங்கள் பட்டத்தோடு பொருந்துகிறதா என்று பாருங்கள். நிறுவனம் கேட்காத ‘விசா வைப்புத்தொகை’யை நடுவில் ஒருவர் கேட்டால் அங்கேயே நிறுத்திவிடுங்கள்.